'ஷேடோ ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் எது பழைய இசை, எது புதுசு?

கேட்கப்பட்ட கேள்வி இது: "டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதன் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் 1997இல் பிளாக்மோர்ஸ் நைட் என்ற பெயரில் கொண்டுவந்த 'ஷேடோ ஆஃப் தி மூன்' ஆல்பத்தை இடைக்கால இசை, மறுமலர்ச்சிக் கால இசை என்கிறார்கள். அது நிஜமாகவே பழைய இசையா, இல்லை பழைய உடை போட்டுக்கொண்ட பாப் பாட்டா? எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?"

இடைக்காலம் என்ற சொல்லை முதலில் எடுத்துவிடலாம். ஐரோப்பிய இடைக்கால நடன இசை என்றால் 13, 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் இருக்கும் எஸ்டாம்பி, சல்டரெல்லோ போன்றவை. அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு மெட்டு வரிதான் எழுதப்பட்டிருக்கும். துணைக்குரல் அரிது. டெட் கேன் டான்ஸ் குழு 1990இல் 'ஏயான்' ஆல்பத்தில் வாசித்த சல்டரெல்லோ அந்த ரகம். பிளாக்மோர் எடுத்தாண்ட பழைய மெட்டுகளோ பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டில், அதாவது மறுமலர்ச்சிக் காலத்தில், ஆண்ட்வெர்ப்பிலும் பாரிஸிலும் அச்சான நடன மெட்டுகள். 'தி கிளாக் டிக்ஸ் ஆன்', 'ரெனெய்சான்ஸ் ஃபேர்' இரண்டும் டீல்மான் சூசாட்டோவின் தொகுப்பிலிருந்து வந்தவை. 'ப்ளே மின்ஸ்ட்ரல் ப்ளே' பாட்டுக்கு மூலம் பாரிஸ் அச்சாளர் பியேர் அட்டென்யான். கடைசிக்கு முன்னால் வரும் 'கிரீன்ஸ்லீவ்ஸ்' எல்லோருக்கும் தெரிந்த ஆங்கில மெட்டு. மற்றவற்றில் பெரும்பாலானவை பிளாக்மோரும் பாடகி கேண்டிஸ் நைட்டும் சேர்ந்து எழுதியவை, சில பிறருடைய பாட்டுகள்.

பழைய உடை போட்ட பாப் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன். காரணம் சூசாட்டோவிடமே இருக்கிறது. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் இந்த ஆல்பம் பிடிபடும்.

சூசாட்டோ ஆண்ட்வெர்ப் நகரத்தின் வாத்தியக் கோஷ்டியில் ஊதுகருவி வாசித்தவர். 1543இல் அங்கே இசை அச்சகம் தொடங்கினார். 1551இல் அவர் வெளியிட்ட மூன்றாவது சிறு இசைப் புத்தகத்தின் பெயர் 'டான்செரி', அதாவது நடனங்கள். நான்கு குரல்களுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் நான்கு மெட்டு வரிகளுக்கு, நான்கு தனித்தனிப் புத்தகங்கள். ஒவ்வொரு கலைஞரும் தன் பங்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். முகப்புப் பக்கத்திலேயே, எல்லா வாத்தியங்களிலும் வாசிக்க இனியவை, வசதியானவை என்று போட்டிருக்கிறார். எந்த வாத்தியம் என்று எங்கும் குறிக்கவில்லை. மேளம் எழுதவில்லை. மொத்த நடனத்தையும் எத்தனை முறை திருப்பி வாசிப்பது, எங்கே அலங்காரம் சேர்ப்பது, எதுவும் இல்லை. ஆடுகிறவர்கள் ஓயும்வரை வாசிக்க வேண்டியதுதான். கையில் இருப்பது வில் போட்டு வாசிக்கும் வயல் கருவியா, ரெக்கார்டர் குழலா, ஷாமா என்பதைப் பொறுத்து அந்த இரவின் ஓசை மாறும். ஷாம் என்பது நம் நாகஸ்வரம் போல இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது; திறந்தவெளியில் ஊரே கேட்கும்.

இன்னொன்று, சூசாட்டோ இந்த மெட்டுகளை எல்லாம் இயற்றியவர் அல்லர். தொகுத்தார், நான்கு குரலுக்கு அமைத்தார். புத்தகத்தில் 'மில் ரெக்ரே' என்று ஒரு பவான் நடனம் இருக்கிறது. அது இசையமைப்பாளர் ஜோஸ்கான் பெயரில் வழங்கும் ஒரு பிரெஞ்சுப் பாட்டு, பிரிவின் துயரைச் சொல்வது. அதே பாட்டை 1538இல் லூயிஸ் டி நர்வாயெஸ் ஸ்பெயினின் விஹுவேலா என்ற நரம்புக் கருவிக்கு மாற்றி, பேரரசரின் பாட்டு என்று பெயரிட்டு அச்சிட்டார். 13 வருடம் கழித்து ஆண்ட்வெர்ப்பில் அதற்கு ஜோடி ஜோடியாக நடை போட்டு ஆடுகிறார்கள். சோகப் பாட்டு நடனமாவதில் அங்கே யாருக்கும் உறுத்தல் இல்லை. மெட்டு பொதுச் சொத்து; கைக்குக் கை மாறும்போது அதன் வேலையும் மாறும்.

சூசாட்டோ பாட்டை நடனமாக்கினார், பிளாக்மோர் நடனத்தைப் பாட்டாக்கினார். எதிர்த் திசையில் அதே தொழில்தான். அந்த மெட்டுக்கு மேல் புதிய வரிகள் எழுதிப் பாடவைப்பதும், கிட்டாரில் வாசிப்பதும், கீழே டாம்பரின் தட்டுவதும் அந்த இசைக்கு வெளியே நின்று செய்கிற காரியங்கள் அல்ல. அந்தப் புத்தகமே வாங்குகிறவரிடம் எதிர்பார்த்தது அதைத்தான்.

அட்டென்யான் விஷயத்தில் அச்சுத் தொழில்நுட்பத்தையும் பார்க்க வேண்டும். 1501இல் வெனிஸில் பெத்ரூச்சி இசையை அச்சிட்டபோது கோடுகள் ஒருமுறை, ஸ்வரங்கள் ஒருமுறை, எழுத்துகள் ஒருமுறை என ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அச்சில் ஏற்றினார்கள். கொஞ்சம் நகர்ந்தால் ஸ்வரம் வேறு கோட்டில் உட்கார்ந்துவிடும். கண்ணைப் பறிக்கும் அழகு, ஆனால் விலை அதிகம். 1528வாக்கில் பாரிஸில் அட்டென்யான், ஸ்வரமும் அதன் பின்னால் உள்ள சிறு கோட்டுத் துண்டுகளும் ஒரே அச்செழுத்தில் இருக்கும்படி வார்த்து, ஒரே அழுத்தில் அச்சடிக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கங்களை உற்றுப் பார்த்தால் கோடுகள் துண்டு துண்டாக இணைந்திருப்பது தெரியும். அழகு குறைந்தது, விலையும் குறைந்தது. 1530 முதல் அவர் நடனப் புத்தகங்கள் போட்டார். அரண்மனைக்கு வெளியே இருந்த வசதியுள்ள குடும்பங்களின் கூடத்துக்கும் இந்த மெட்டுகள் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். நானூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஒரு ராக் கிட்டாரிஸ்ட் கையில் அவை கிடைத்ததற்கும் அந்த மலிவு அச்சுதான் முதல் காரணம்.

நடனங்களின் அமைப்பைக் காதில் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். பவான் என்பது இரண்டின் தாளத்தில் மெதுவான ஊர்வல நடை. 1589இல் லாங்க்ர் நகரில் தூவானோ ஆர்போ என்ற புனைபெயரில் ஒரு பாதிரியார் எழுதிய 'ஆர்க்கெசோகிராஃபி' என்ற நடன நூலில், பவானுக்கு மேளம் எப்படி அடிப்பது என்று எழுதியே வைத்திருக்கிறார்: ஒரு நீளம், இரண்டு குட்டை, ஒரு நீளம், இரண்டு குட்டை. தும்ம், தக தக்க என்று இல்லாமல் தும்ம், தும் தும் என்று நிதானமாக. அதைத் தொடர்ந்து வருவது கல்யார்ட். மூன்றின் தாளத்தில் துள்ளிக் குதிப்பது. பல சமயம் பவானின் அதே மெட்டைத்தான் மூன்றுக்கு மடக்கியிருப்பார்கள். மெட்டு சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பிரியும், ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும். ராக் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் வரி) எழுதிப் பழகிய ஒருவருக்கு இது வேற்று நிலம் அல்ல. சிறிய வடிவம், உறுதியான தாளம், திரும்பத் திரும்ப வருவதால் மனதில் உட்காரும் மெட்டு. 'தி கிளாக் டிக்ஸ் ஆன்' பாட்டை இதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். பல்லவி, சரணம் எல்லாம் அந்த நடனச் சட்டகத்தில் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன என்பது புரியும்.

பிளாக்மோர் திடீரென்று ஒருநாள் இங்கே தாவவில்லை. 1970இல் பிபிசி, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளைப் பற்றிய தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. அதற்கு இசை அமைத்தவர் டேவிட் மன்ரோ. 1942இல் பிறந்து 1976இல் இறந்துபோன மனிதர். அந்தக் குறுகிய காலத்தில் க்ரம்ஹார்ன், ஷாம், ரெக்கார்டர் என மறந்துபோன ஊதுகருவிகள் அத்தனையையும் வாசித்து, 'எர்லி மியூசிக் கன்சார்ட் ஆஃப் லண்டன்' குழுவை நடத்தி, சாதாரண மக்கள் விரும்பிக் கேட்கும்படி செய்தவர். சூசாட்டோவின் நடனங்களை அவர் 1971இல் பதிவு செய்த விதத்தில் ஒரு தெருக் கொண்டாட்டமே இருக்கிறது. 70களின் தொடக்கத்தில் மன்ரோவைக் கேட்டதுதான் தன்னை இந்தப் பக்கம் இழுத்தது என்று பிளாக்மோர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அதே காலத்தில் வந்ததுதான் டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்', 1972. உலகத்தில் கிட்டார் கற்கும் பையன்கள் எல்லோரும் முதலில் வாசிக்கும் அந்த ரிஃபைப் பலரும் ஒற்றைத் தந்தியில் வாசிக்கிறார்கள். பிளாக்மோர் இரண்டு தந்திகளை விரலால் சேர்த்து மீட்டுகிறார். இரண்டு ஸ்வரங்களுக்கும் இடையே ஸட்ஜத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள இடைவெளி. ரிஃப் முழுக்க அந்த இடைவெளி மாறாமல் இரண்டும் சேர்ந்தே நகரும். 9ஆம் நூற்றாண்டு இசை நூலான 'மூசிகா என்கிரியாடிஸ்', தேவாலயப் பாடலுக்கு இரண்டாம் குரல் சேர்க்கும் முறையாக விவரிப்பதும் இதே மாதிரி இணைகோட்டு நகர்வைத்தான். ஆக, நீங்கள் முதலில் கேட்ட ராக் ரிஃபே, இந்த ஆல்பத்தில் உள்ள எந்தப் பாட்டையும் விடப் பழைய ஓசையைத் தன்னுள் வைத்திருக்கிறது. கேள்வி கேட்டவர் இதை ஒருமுறை கிட்டாரில் வாசித்தே பார்க்கலாம்.

பிறகு 1975இல் அவர் தொடங்கிய ரெயின்போ குழுவின் முதல் ஆல்பத்தில் 'சிக்ஸ்டீன்த் செஞ்சுரி கிரீன்ஸ்லீவ்ஸ்', 'டெம்பிள் ஆஃப் தி கிங்' என்று தலைப்புகளே கிளம்பிவிட்டன. 1989இல் ஒரு கால்பந்து ஆட்டத்தில் கேண்டிஸ் நைட்டைச் சந்தித்தார். 1993இல் டீப் பர்ப்பிளை விட்டு வெளியேறினார். 1995இல் ரெயின்போ பெயரில் இன்னொரு ஆல்பம். அதில் சில பாட்டுகளுக்கு வரிகள் கேண்டிஸ் நைட். இரண்டு வருடத்தில் 'ஷேடோ ஆஃப் தி மூன்'. இருபத்தைந்து ஆண்டு ஆசை இது. ராக் ரசிகர்களில் ஒரு சாரார் இதைத் துரோகமாகப் பார்த்ததில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அவர்கள் நேசித்த ரிஃபுகளுக்கு அடியில் இருந்ததுதான் இங்கே மேலே வந்திருக்கிறது.

இந்த வழியில் அவர் முதல் ஆளும் அல்லர். 1969இல் ஷெர்லி காலின்ஸ், டாலி காலின்ஸ் சகோதரிகள் 'ஆந்தம்ஸ் இன் ஈடன்' ஆல்பத்தைப் போட்டபோது, இங்கிலாந்தின் நாட்டுப்பாடல்களுக்குப் பின்னால் க்ரம்ஹார்னும் சாக்பட்டும் (பழங்கால டிராம்போன்) வாசித்தது மன்ரோவின் குழுதான். அதை வெளியிட்டது ஹார்வெஸ்ட் நிறுவனம். அதே வருடம் டீப் பர்ப்பிளும் இங்கிலாந்தில் ஹார்வெஸ்ட்டில்தான் இருந்தது. ஸ்டீலை ஸ்பான் குழு 1972 ஆல்பத்தில் 'கௌதேதே' என்ற லத்தீன் கிறிஸ்துமஸ் பாட்டை வாத்தியமே இல்லாமல் பாடியது. 1582இல் அச்சான 'பியே கான்ட்சியோனெஸ்' தொகுப்பில் உள்ள பாட்டு அது. 1973 கிறிஸ்துமஸ் சமயம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடம்வரை ஏறியது. கிரிஃபன் என்ற குழு க்ரம்ஹார்னும் பசூனுமாக ராக் மேடைகளிலேயே ஏறி வாசித்தது. வாத்தியங்களின் உண்மைத்தன்மை என்று பார்த்தால் இவர்கள் எல்லோரும் பிளாக்மோரை விட ஒரு படி மேல். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஏனென்றால் இந்த ஆல்பத்தின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. பாட்டுகளை நிரப்புவதில் பெரும் பங்கு கீபோர்டுக்கு. தயாரிப்பாளர் பாட் ரீகனே அதை வாசித்திருக்கிறார். வயலின் கூட்டம் போலவும் கோரஸ் போலவும் வரும் அந்த ஓசைகள் 90களின் பளபளப்பு. சூசாட்டோவின் எலும்பு தெரிகிற நான்கு குரல் அமைப்பை அவை சில இடங்களில் மூடிவிடுகின்றன. 'ரைட்டிங் ஆன் தி வால்' சைகோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' மெட்டோடு தொடங்குகிறது. அது 19ஆம் நூற்றாண்டு ரஷ்ய பாலே; அதை இந்த வரிசையில் வைத்தது எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. கடைசிப் பாட்டு 'விஷ் யூ வேர் ஹியர்' ரெட்நெக்ஸ் என்ற ஸ்வீடன் குழுவுடையது. இனிமையான பாட்டுதான், பழமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ஓஷன் ஜிப்ஸி'யும் பழையதல்ல. ரெனெய்சான்ஸ் குழு 1975இல் பாடியது. ஆனால் அது இங்கே நன்றாக உட்கார்ந்திருக்கிறது, கேண்டிஸ் நைட்டின் குரலால்.

அந்தக் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. ராக் பாடகர்களின் வீச்சு அதில் இல்லை, அது குறையும் அல்ல. நடுக்கம் குறைவாக, நேராக, ஸ்வரத்தின் நடுவில் போய் நிற்கும் குரல். நடன மெட்டுக்கு அப்படிப்பட்ட குரல்தான் வேண்டும். டியோ, கில்லன் போன்ற ராக் பாடகர்களோடு வேலை செய்த பிளாக்மோர் அந்தக் குரலுக்கு இடம்விட்டு, மின் கிட்டாரைப் பின்னுக்குத் தள்ளி, ஆல்பத்தின் பெரும்பகுதியை அகவுஸ்டிக் கிட்டாரிலும் மாண்டலினிலும் வாசித்திருப்பது பெரிய விஷயம். 'மின்ஸ்ட்ரல் ஹால்' என்ற வாத்தியத் துண்டில் அவருடைய விரல்களை மட்டும் கேட்கலாம். 'ப்ளே மின்ஸ்ட்ரல் ப்ளே' பாட்டில் ஜெத்ரோ டல் என்ற ராக் குழுவின் இயன் ஆண்டர்சன் வந்து புல்லாங்குழல் ஊதுகிறார். மூச்சுக் காற்றும் உறுமலும் கலந்த அவருடைய வாசிப்பு, கீபோர்டு எதுவும் தர முடியாத கரடுமுரடைத் தருகிறது. என் கணக்கில் ஆல்பத்தின் உச்சம் அது.

'ரெனெய்சான்ஸ் ஃபேர்' பாட்டு பேசுவது 1551ஐப் பற்றி அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1963இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஒரு பழக்கம், பழைய ஆங்கில உடை அணிந்து வாரக்கடைசியில் சந்தை கூட்டுவது. அது நாடு முழுக்கப் பரவியது. கேண்டிஸ் நைட் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். பிளாக்மோருக்கோ ஜெர்மனியின் கோட்டைகளும் அங்கே நடக்கும் வரலாற்று விழாக்களும் பிடிக்கும். ஆல்பத்தில் பவேரியாவில் உள்ள ஊரின் பெயரிலேயே 'மெம்மிங்கன்' என்று ஒரு வாத்தியத் துண்டு இருக்கிறது, 'மோண்ட் டான்ஸ்' என்று இன்னொன்று. பிபிசி தொடர், அமெரிக்கச் சந்தை, ஜெர்மன் கோட்டை: இந்த ஆல்பத்தின் பழங்காலம் இவற்றிலிருந்து கட்டப்பட்டது. அதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. ஒரு காலத்தை நேசிக்கிறவர்கள் அந்த நேசத்தைப் பாடுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய கச்சேரிகளுக்கு ரசிகர்களும் அந்த உடையிலேயே வருகிறார்கள்.

'கிரீன்ஸ்லீவ்ஸ்' பற்றி ஒரு தவறான கதை எங்கும் சுற்றுகிறது, எட்டாம் ஹென்றி, பின்னாளில் தன் மனைவியான ஆன் போலினுக்காக எழுதியது என்று. ஹென்றி இறந்தது 1547. இந்தப் பெயரில் ஒரு பாட்டு லண்டன் அச்சாளர் சங்கத்தில் பதிவானது 1580இல். மெட்டுக்கு அடியில் ஓடும் பேஸ் வரிசை, இத்தாலியிலிருந்து ஹென்றியின் காலத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் பரவிய பாணி. கர்நாடக சங்கீதம் கேட்பவர்கள் இதில் ஒன்றைச் சுலபமாகப் பிடிக்கலாம்: மெட்டின் ஆறாவது ஸ்வரத்தைச் சிலர் சதுஸ்ருதி தைவதமாகப் பாடுகிறார்கள், அப்போது கரகரப்பிரியா சாயல், சிலர் சுத்த தைவதமாகப் பாடுகிறார்கள், உடனே நடபைரவி பக்கம் சாய்கிறது. இரண்டுமே வழக்கில் உண்டு. யார் எதைப் பாடுகிறார்கள் என்று கவனித்தால், ஒரே பாட்டு எவ்வளவு வெளிச்சமாகவும் எவ்வளவு இருட்டாகவும் ஆகிறது என்பது தெரியும்.

எங்கே ஆரம்பிப்பது என்றால், முதலில் மன்ரோ குழு வாசித்த சூசாட்டோவைத் தேடிக் கேளுங்கள், ஒரு அரை மணி நேரம் போதும். காது அந்தத் தாளத்துக்குப் பழகியதும் 'தி கிளாக் டிக்ஸ் ஆன்', 'ப்ளே மின்ஸ்ட்ரல் ப்ளே', 'ரெனெய்சான்ஸ் ஃபேர்' மூன்றையும் அடுத்தடுத்துப் போடுங்கள். பிறகு தலைப்புப் பாட்டும் 'மின்ஸ்ட்ரல் ஹால்' துண்டும். மற்றவை பின்னால் வரட்டும். பிடித்துப்போனால் அடுத்தது 1999இல் வந்த 'அண்டர் எ வயலட் மூன்'. அதில் 'பாஸ்ட் டைம் வித் குட் கம்பெனி' என்று ஒரு பாட்டு வரும். எட்டாம் ஹென்றி நிஜமாகவே எழுதியது அது. அவர் பெயரால் வழங்கும் கையெழுத்துப் பிரதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.